வெள்ளி பெயின்ட் அடித்த நடுகல்: ஊர் வரலாறு எழுதும்போதும் ஊர்ச் செய்தி போடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு நடுகல் நின்றது, சண்டையில் இறந்த வீரனுக்காக நட்ட கல். இடுப்பு உயரம் இருக்கும். கையில் வில்லோடு ஓர் ஆள், காலடியில் மாடு, தலைக்கு மேல் நாலைந்து வரி எழுத்து. சின்ன வயதில் அதன் மேல் ஏறி உட்கார்ந்து நுங்கு தின்றிருக்கிறோம். பிறகு வளர்ந்து, விவரம் தெரிந்து, "நம்ம ஊர் வரலாற்றைக் காப்பாத்தணும்" என்று பத்துப் பேர் கிளம்பி, அந்தக் கல்லை ஜேசிபி வைத்துப் பெயர்த்தோம். கோயில் வாசலில் சிமென்ட் மேடை கட்டி நட்டோம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெள்ளி பெயின்ட்டும் அடித்தோம். எழுத்து இருந்த இடம் இன்றைக்குப் பளபளவென்று இருக்கிறது, படிக்கத்தான் அதில் ஒன்றும் இல்லை. பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது ஊருக்கு ஊர் ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு வரலாற்று ஆர்வலர், முடிந்தால் ஒரு யூடியூப் சேனல். நல்லதுதான். ஆனால் ஆர்வக் கோளாறில் நடக்கும் சில வேலைகளைப் பார்த்தால், சும்மா விட்டிருந்தாலே அந்தப் பொருள் இன்னும் நூறு வருடம் இருந்திருக்குமே என்று தோன்றும். நான் செய்த தவறுகளையும் பக்கத்து ஊர்களில் பார்த்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

கல்லிலிருந்தே தொடங்கலாம். கருங்கல்லில் உளியால் வெட்டிய எழுத்து ஒன்றும் கிணறு ஆழத்துக்கு இருக்காது. வெயிலும் மழையும் தின்றது போக மிஞ்சியிருப்பது மெல்லிய பள்ளம்தான். அதன் மேல் கம்பி பிரஷ் போட்டாலும், ஆசிட் ஊற்றினாலும், திருப்பணி என்று சொல்லி மணல் வீச்சு அடித்தாலும் அழுக்கோடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். தண்ணீர், மெல்லிய நார் பிரஷ், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும். படிப்பதற்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. இருட்டிய பிறகு போய் டார்ச் லைட்டைக் கல்லுக்கு நேராக அடிக்காமல், பக்கவாட்டில் கல்லை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்தது, பள்ளத்தில் நிழல் விழுந்ததும் எழுத்து எழுத்தாக எழுந்து நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது கொஞ்சம் சிலிர்க்கும்.

அந்த நாலு வரியில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லே சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு நாட்டு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால், அந்த ஊரில் யாரும் பெயின்ட் டப்பாவோடு போகவில்லை என்பதும் ஒரு காரணம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களில் ஒன்று சின்னக் கல். அதில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் 'கூடல் ஊர் ஆகோள்' என்று இருந்தது. ஆகோள் என்றால் அடுத்தவர் மாடுகளைக் கவர்ந்துபோகும் சண்டை. இலக்கணத்தில் மட்டும் படித்துக்கொண்டிருந்த சொல் கல்லிலேயே வந்து நின்றது.

இடம் மாற்றுவதும் அழிப்பதற்குச் சமம்தான். நடுகல் நின்ற இடம் பழைய பாதையா, மேய்ச்சல் காடா, ஏரி மதகா என்பது பாதிச் செய்தி. அதைப் பெயர்த்துக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டால் மீதிப் பாதிதான் கையில் இருக்கும். சாலை விரிவாக்கம் வருகிறது, வேறு வழியே இல்லை என்றால், எடுப்பதற்கு முன்பு நாலு திசையிலிருந்தும் படம் எடுத்து, புல எண்ணையும் எந்தத் திசை பார்த்து நின்றது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. தருமபுரி, திருவண்ணாமலை பக்கம் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். வேறு பக்கங்களில் வேறு பெயர். புதிதாகக் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்ட நம் ஆள் அங்கே போய், "இது சாமி இல்லைங்க, வரலாற்றுச் சின்னம், எண்ணெய் ஊத்தாதீங்க" என்று வகுப்பு எடுக்கத் தொடங்குவார். ஐயா, அந்தக் கல் இத்தனை காலம் துணி துவைக்கும் கல்லாகப் போகாமல் நிற்பதே அவர்கள் கும்பிட்டதால்தான். பூசாரியிடம் கேட்டு, அபிஷேகத்துக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

அடுத்து காலக்கணக்கு. அதிகம் சறுக்குவது இங்கேதான். கல்வெட்டில் 'ராஜகேசரி' என்ற சொல் கண்ணில் பட்டதும் "எங்கள் ஊரில் ராஜராஜ சோழன் கல்வெட்டு" என்று ஃப்ளெக்ஸ் வைத்துவிடுகிறார்கள். ராஜகேசரி, பரகேசரி இரண்டும் பட்டங்கள். சோழ மன்னர்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள், ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்து வந்தவர் பரகேசரி. அந்தச் சொல்லை மட்டும் வைத்து இன்ன அரசன் என்று சொல்ல முடியாது. மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழைச் சொல்லும் தொடக்க வரிகள், இருக்கிறதா, 'மதிரை (மதுரை) கொண்ட' என்பது போல அடைமொழி இருக்கிறதா, எழுத்தின் வடிவம் எந்த நூற்றாண்டு என்று பார்க்க வேண்டும். மதிரை கொண்ட கோப்பரகேசரி என்றிருந்தால் முதலாம் பராந்தகன், அதுவரை சரி. கல்வெட்டில் 'யாண்டு 12' என்று இருப்பதும் அந்த அரசனின் ஆட்சியாண்டு, வேறு எந்தக் கணக்கும் இல்லை. சக ஆண்டு என்று இருந்தால் 78 கூட்டிக்கொள்ளுங்கள், ஆங்கில ஆண்டு வரும்.

பிற்காலக் கல்லில் வேறு ஒரு பொறி இருக்கிறது. கிணற்றுச் சுவரில் 'விகாரி வருஷம் தை மாதம்' என்று வெட்டியிருப்பார்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை விகாரி வரும். 1959இல் தொடங்கியதா, 1899இல் தொடங்கியதா, 1839ஆ? தை மாதம் என்பதால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடி 1960, 1900, 1840 என்று ஆகும். கட்டியவரின் பேரன் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்தால் தீர்ந்துபோகிற விஷயத்தை, நானூறு ஆண்டுப் பழமையான கிணறு என்று பத்திரிகை வரைக்கும் கொண்டுபோய்விடுவார்கள்.

பத்திரிகை என்றதும் நினைவுக்கு வருகிறது. 'புதிய கல்வெட்டு கண்டுபிடிப்பு' என்று சொல்வதற்கு முன்பு, அது ஏற்கெனவே படியெடுக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1887 முதல் ஆண்டறிக்கை போட்டு வருகிறது. நம் தாத்தாவின் தாத்தா காலத்திலேயே மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய், கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுத்திருக்கிறார்கள். ஆண்டறிக்கையிலும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். இன்றைய பெயரில் இல்லாவிட்டால் தாலுகாவை வைத்துத் தேடுங்கள். பல நேரம் நீங்கள் மங்கலாகப் பார்க்கும் வரி அங்கே முழுதாக அச்சாகியிருக்கும், ஏனென்றால் அவர்கள் பார்த்தபோது கல்லில் அது இருந்தது.

ஊர்ப் பெயர்க் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ராஜா வந்து இளைப்பாறாத ஊரே இல்லை போலிருக்கிறது. கதையைத் தூக்கிப் போட வேண்டாம், அதுவும் ஊரின் சொத்துதான். ஆனால் "இப்படிச் சொல்கிறார்கள்" என்று எழுதுவதற்கும் "இப்படி நடந்தது" என்று எழுதுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெரிய ஊர்களுக்கே இந்த நோய் உண்டு. 919லும் 921லும் வெட்டிய உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுகளை ஊரே ஓட்டுப் போட்ட தேர்தல் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அங்கே நடந்தது குலுக்கல். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்க வைத்தார்கள். நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி என்று தகுதிகள் இருந்தன. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும், அது சுவாரசியம்தான். சாதியும் இப்படித்தான். கல்லில் வீரனின் பெயர் மட்டும் இருக்கும், நாம் அவனுக்கு ஒரு சாதிச் சங்கத்தின் உறுப்பினர் அட்டையே கொடுத்துவிடுவோம். அன்றோடு அந்தக் கல் ஊர்ப் பொதுவில் இருந்து போய்விடும்.

பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்யும்போது, "நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க பாட்டி?" என்று கேட்டால் பாட்டி சிரிப்பார். "தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆகிடுச்சா?" என்று கேளுங்கள், கணக்கு தானாக வந்துவிடும். அது 1964 டிசம்பர். முந்தின தலைமுறை சொல்லிக் கேட்டது என்றால் தாது வருஷப் பஞ்சம் வரைக்கும் போகலாம், 1876இல் தொடங்கியது. பதிலை நாமே கேள்விக்குள் வைத்துக் கேட்பது தவறு. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பதிவு செய்வது அதைவிடப் பெரிய தவறு, ஒரு மணி நேரமும் காற்றுதான் கேட்கும். எங்கள் முதல் எட்டுப் பதிவுகளும் மேலத்தெரு ஆண்களுடையவை. நாற்று நடவுப் பாட்டு தெரிந்தவர்கள், மடை திறந்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள் வேறு தெருக்களில் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் காரியமே முடிந்துவிட்டது.

சரி, ஊர்ச் செய்திக்கு வருவோம். வாட்ஸ்அப் குழுவில் போடுவது செய்திதானே, பேப்பரா என்று இளக்காரமாக நினைக்கக் கூடாது. 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வடமாவட்டங்களில் தகவல் பரவிக்கொண்டிருந்தது. போளூர் அருகே குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்துபோனார். அந்தத் தகவலை ஃபார்வர்டு செய்தவர்களில் பெரும்பாலோர் "எதுக்கும் உஷாரா இருக்கட்டுமே" என்றுதான் அனுப்பியிருப்பார்கள். நேரில் பார்த்தவர் யார், எந்த இடம், எத்தனை மணி என்ற மூன்றும் இல்லாத தகவலை எங்கள் குழுவில் இப்போது விடுவதில்லை. திட்டு விழுகிறது, விழட்டும். பிள்ளைகளின் முகம், விபத்தில் கிடப்பவர் படம், திருட்டுப் பழி சுமத்தப்பட்டவர் பெயர், இவற்றையும் போடுவதில்லை. தப்பாகப் போட்டுவிட்டால் அழித்துவிட்டு நழுவாமல், போட்டது தவறு என்று அதே குழுவில் எழுதுங்கள்.

இன்னொரு பக்கம், திருவிழா, பிறந்தநாள் வாழ்த்து தவிர வேறு எதுவும் வராத குழுக்கள். கிராம சபை தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே என்ன தீர்மானம் போட்டார்கள் என்று நாலு வரி எழுத ஓர் ஆள் இருந்தால் போதும். ஐம்பது வருடம் கழித்து ஊர் வரலாறு எழுதுபவர் பிறந்தநாள் வாழ்த்தைத் தேட மாட்டார், தண்ணீர்த் தொட்டி எந்த வருடம் கட்டினார்கள் என்றுதான் தேடுவார்.

தோண்டும்போது பானையோ, காசோ, சிலையோ கிடைத்தால் மேற்கொண்டு தோண்டாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், முதல் வேலையாக செல்ஃபியும் போடாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். விஏஓவிடம் சொன்னால் தாசில்தார் வழியாகப் போகும். எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கட்டடம். நன்கொடை சேர்ந்ததும் வளைவு கட்டி, கொடுத்தவர்களின் பெயர்களை வரலாற்றைவிடப் பெரிய எழுத்தில் போடுவதும், அருங்காட்சியக அறை கட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும் பூட்டியே வைப்பதும் எங்கும் நடக்கிறது. அந்தப் பணத்தில் பழைய பத்திரங்களையும் போட்டோக்களையும் ஸ்கேன் செய்யலாம். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பழைய தாளுக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது.

கடைசியாகப் படம் எடுப்பது. அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் ஒரு சின்னக் கிராமம். அங்கே பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். 2014இல் அவர் திரும்பி வந்ததற்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரிய சாட்சி. ஆகவே முன், பின், பக்கம், பீடம் எல்லாம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், மூலக் கோப்பைத் தனியாக இரண்டு இடத்தில் வைத்திருங்கள். சிலை இருக்கும் இடத்தின் லொக்கேஷனைப் பொதுவில் போடாதீர்கள்.

எங்கள் நடுகல்லுக்கு அப்படி ஒரு படமும் இல்லை. வீடு வீடாகக் கேட்டு அலைந்ததில் ஒரே ஒரு போட்டோ கிடைத்தது. ஒருவர் தன் கிடாயை விற்பதற்காக 2011இல் ஏரிக்கரையில் நிறுத்தி எடுத்தது, பின்னால் கல் தெரிகிறது. பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டாவது வரியில் 'தொறு' என்று படிக்க முடிகிறது, மாட்டு மந்தை. கடைசியில் 'பட்டான்', இறந்தான் என்று பொருள். நடுவில் அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் கிடாயின் காது மறைத்துக்கொண்டிருக்கிறது.