திரையில் தமிழ் எழுத்து மங்கலாகத் தெரிகிறதா?
வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடி அறைக்குள் மே மாத வெயில் நேராக அடிக்கும், அதனால் லேப்டாப் பிரைட்னஸைப் பகலில் முழுதாக ஏற்றிவிட்டு, ராத்திரியும் அப்படியே படித்துக் கண் எரிகிறதென்று புலம்பிக்கொண்டிருந்தேன். இருட்டினால் குறைத்துவிடுங்கள், திரையை இளமஞ்சளாக்கும் நைட் லைட் செட்டிங்கையும் போடுங்கள்.

எழுத்து சின்னதாக இருக்கிறதா? ரெசல்யூஷனை, அதாவது திரையின் புள்ளி எண்ணிக்கையை மட்டும் குறைக்காதீர்கள், எழுத்து பெரிதாகும்தான், ஆனால் மசமசவென்று ஆகி ‘ணு’ எது ‘னு’ எது என்று தெரியாது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய் ஸ்கேலை 125 சதவீதமாக்குங்கள், திரையில் எல்லாமே பெரிதாகும். எழுத்து மட்டும் போதுமென்றால் அக்சஸிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ், 225 சதவீதம் வரை இழுக்கலாம். அப்புறம் ஸ்டார்ட்டில், எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப் வசதியைத் தேடித் திறந்து, காட்டும் மாதிரிகளில் கண்ணுக்குத் தெளிவானதைத் தொடுங்கள். பிரவுசரில் அவசரத்துக்குக் கன்ட்ரோலும் பிளஸும் சேர்த்து அழுத்தினாலே சரி.