எம்.எஸ். ஆராய்ச்சிக் கட்டுரை கைக்கு வந்தால் செய்யக்கூடாதவை

சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் நரம்பு டாக்டரைப் பார்க்க ஈப்போவுக்குத்தான் போக வேண்டும், சில சமயம் கோலாலம்பூர் வரைக்கும். ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடும். அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் கட்டுரைகள் வந்து குவிகின்றன. வீட்டில் ஒரு பிள்ளைக்கு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், அதாவது எம்.எஸ்., என்று தெரிந்தால் போதும். "இந்த டாக்டர் எவ்வளவோ எழுதியிருக்கார், இவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாமாவோ சித்தப்பாவோ ஒன்றை அனுப்பிவிடுவார். படிப்பதில் தப்பே இல்லை. படித்துவிட்டு என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் சிக்கல்.

முதலில், எந்த நோயைப் பற்றிய கட்டுரை என்று பாருங்கள். ஒரே ஆராய்ச்சியாளர் எம்.எஸ். பற்றியும் எழுதுவார், நரம்பும் தசையும் சார்ந்த நோய்களைப் பற்றியும் எழுதுவார். இரண்டும் ஒன்றல்ல. எம்.எஸ். மூளையையும் தண்டுவடத்தையும் கண் நரம்பையும் தாக்குகிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அங்குள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை அரித்துவிடுகிறது. மயஸ்தீனியா கிராவிஸில் நரம்பு தசையைத் தொடும் இடத்தில் கோளாறு. டுஷேன் நோயில் தசையே சிதைகிறது. மூன்றிலும் ஆள் தளர்ந்து போவார், கால் இடறும். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

எம்.எஸ்.ஸுக்கு மிக நெருக்கமாகத் தெரியும் நோயிலேயே இந்தக் குழப்பம் ஆபத்தாகிவிடும். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்று ஒன்று இருக்கிறது. கண் மங்கும், கால் மரக்கும், எம்.எஸ். மாதிரியே காட்டும். இந்த நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இருக்கும் தனி எதிர்ப்பொருளை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா இந்த நோயை மோசமாக்கக்கூடும். மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் நம் ஆசிய நாடுகளில் இந்த நோயின் பங்கு கூடுதல். அதனால் ஐரோப்பிய நோயாளிகளை வைத்து எழுதிய கட்டுரையை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்தும் முன், அந்த எதிர்ப்பொருள் சோதனை செய்தாகிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, பெரிய பெயரைப் பார்த்து மயங்குவது. இதற்கு இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்து ரத்தக்குழாய் மருத்துவர் பாவ்லோ சம்போனியின் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. அவருடைய மனைவிக்கே எம்.எஸ். இருந்தது. கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள சிரைகள் குறுகி, மூளையிலிருந்து ரத்தம் சரியாக வடியாததே இந்த நோய்க்குக் காரணம் என்றார். பலூன் வைத்துச் சிரையை விரித்து, 65 நோயாளிகளின் முடிவுகளை 2009இல் வெளியிட்டார். பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. கனடாவிலிருந்து நோயாளிகள் கடன் வாங்கிக்கொண்டு போலந்துக்கும் கோஸ்டாரிகாவுக்கும் இந்தியாவுக்கும் பறந்தார்கள். சிகிச்சைக்குச் சென்னைக்கு விமானம் ஏறிப் பழகிய நமக்கு அந்த மனநிலை புரியாததல்ல.

அந்தக் கட்டுரையில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லை என்பதைப் பலர் கவனிக்கவில்லை. என்ன சிகிச்சை நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அதற்கு மேல், எம்.எஸ். பெரும்பாலும் வந்து வந்து போகும் நோய். மோசமான நேரத்தில் சிகிச்சைக்குப் போனவர் ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்ச நாளில் தேறியிருக்கலாம். 2012இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தச் சிகிச்சையால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று எச்சரித்தது. மறு வருஷம் கனடாவில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் சிரைகளும் அதே அளவுக்குக் குறுகியிருந்தன. கடைசியில் சம்போனியே முறையான சோதனை நடத்தினார். சிலருக்கு உண்மையான சிகிச்சை, சிலருக்கு வெறும் பாவனை, யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. பலன் இல்லை என்று 2017இல் அவரே வெளியிட்டார். என்னைக் கேட்டால் அவருடைய கட்டுரைகளில் மதிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றக்கூடியது 2009இல் வந்ததுதான். ஆகவே ஒரு கட்டுரை கைக்கு வந்தால் அதே ஆராய்ச்சியாளர் பிறகு என்ன எழுதினார் என்று தேடுங்கள்.

தேடும்போது நம் ஆட்களின் பெயர்களில் ஒரு சிக்கல் வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மலேசிய இந்திய டாக்டரின் பெயரில் பின்னால் வரும் அப்பா பெயரை ஆராய்ச்சிப் பத்திரிகைகள் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அதே ஆள் வேறொரு இடத்தில் தன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும் போட்டு எழுதியிருப்பார். ஒருவருடைய வேலை இரண்டு பெயரில் பிரிந்து கிடக்கும், இல்லையென்றால் நான்கு குமார்களின் கட்டுரைகள் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும். இதற்காகவே 2012இலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஆர்க்கிட் (ORCID) என்ற அடையாள எண் இருக்கிறது. அந்த எண் இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள், எண்ணிக்கையை மட்டும் பார்த்து மலைக்காதீர்கள்.

எண்கள் என்றதும் சதவீதம் நினைவுக்கு வருகிறது. நட்டாலிசுமாப் என்ற எம்.எஸ். மருந்தின் பெரிய சோதனை 2006இல் வெளியானது. உடல் இயலாமை கூடும் வாய்ப்பு 42 சதவீதம் குறைந்தது என்று படித்தால், நூறில் 42 பேர் தப்பித்தார்கள் என்று தோன்றும். உள்ளே பாருங்கள்: இரண்டு வருஷத்தில் பாவனை மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு இயலாமை கூடியது, உண்மையான மருந்தில் 17 பேருக்கு. வித்தியாசம் 12 பேர். நல்ல பலன்தான், ஆனால் 42 பேர் அல்ல. இதே மருந்தை மூளையில் வரும் அபூர்வமான வைரஸ் தொற்று காரணமாக 2005இல் சந்தையிலிருந்து எடுத்து, அடுத்த வருஷம் கண்காணிப்போடு திரும்ப விட்டார்கள். பக்க விளைவு அட்டவணையைப் படிக்காமல் முடிவுரைக்குத் தாவக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

எப்ஸ்டீன் பார் வைரஸ் பற்றிய 2022 ஆய்விலும் இதே கதைதான். வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்றார்கள், அதுவும் நம்பகமான ஆய்வு. ஆனால் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கும். அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. பேரப்பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் வந்ததும் பயந்து ஓட வேண்டியதில்லை.

எலியில் வேலை செய்த மருந்து என்றால் ஒதுக்கி வைத்துவிடுங்கள். லெனெர்செப்ட் என்ற மருந்து எலிகளில் நன்றாகவே தெரிந்தது. மனிதர்களுக்குக் கொடுத்தபோது நோய்த்தாக்குதல் கூடியது என்று 1999இல் எழுதினார்கள்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது, கட்டுரையைப் படித்துவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்துவது. எம்.எஸ். மருந்துகளில் சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். மயஸ்தீனியா உள்ளவர்களுக்கு வேறொரு கவனம் தேவை. டவுன் கிளினிக்கில் சாதாரணமாகக் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்ட்டிபயாட்டிக் அவர்களுடைய தசைத் தளர்ச்சியைக் கூட்டி, மூச்சு விடவே சிரமமாக்கக்கூடும். காய்ச்சலுக்குப் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள், "மாத்திரை மட்டும் கொடுங்க டாக்டர்" என்று அவசரப்படாமல்.

அனுப்பி வைத்த கட்டுரை மனசை விட்டுப் போகவில்லையென்றால் அதன் முதல் பக்கத்தை அச்சடித்து ஈப்போவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். சோதனையில் இருந்தவர்களுக்கு எந்த வகை எம்.எஸ்., ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா, பணம் போட்டது யார் என்று மூன்று கேள்விகளை மேலே எழுதி வையுங்கள். கிடைக்கும் நேரம் குறைவுதான். ஆனால் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்ல டாக்டருக்கு அது போதும்.