வீட்டுலயே கிராங்க் கேஸ் ஊத்தலாமுங்க: மொத தடவை பண்றவங்களுக்கு

பழைய 100 சிசி பைக் ஒண்ணோட கிராங்க், பேரல், ஹெட்டு மூணும் நல்லா இருந்துச்சு, அதுக்கு கியர் பாக்ஸ் இல்லாம சின்னதா ஒரு கேஸ் (கிராங்க் உள்ள சுத்துற கூடு) போட்டு தோட்டத்துல மருந்தடிக்கிற பம்பை ஓட்டணும்னு ரோசனை, இப்ப அது ஓடுதுங்க. லேத்துல ஃபேசிங், போரிங் உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கறேன், அதெல்லாம் இங்க சொல்லல. அலுமினியத்தை உருக்கி ஊத்தறதுதான் பெரிய வேலைன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, அது இல்லீங்க. ரெண்டு பேரிங் சீட்டும் ஒரே நேர்ல நிக்கணும், இஞ்சின் சூடானாலும் அப்படியே நிக்கணும், கேஸுக்கு வேலையே அதுதான்.

மொத பேட்டர்ன், அதாவது மணல்ல பதிச்சு அச்சு எடுக்கற உரு. கேஸ் ரெண்டு பாதி, நடுவுல நெட்டுக்குப் பொளந்த மாதிரி. அலுமினியம் ஆறும்போது 1.3 சதவீதம் சுருங்கும், அதனால 150 மில்லி வேணும்னா பேட்டர்ன் 152 இருக்கணும், மெஷினிங் பண்ற பக்கமெல்லாம் அதுக்கு மேல 3 மில்லி எச்சா விடுங்க. மணல்ல இருந்து உருவ 2 டிகிரி டிராஃப்ட் (பக்கச் சரிவு). சுவர் 6 மில்லி போதும், மூலைல எல்லாம் ரேடியஸ் வேணும். கேம் செயின் போற சந்துக்கு கோர் பாக்ஸ் (கோர்னா உள்ள காலியா விடறதுக்கு அச்சுக்குள்ள வெக்கற மணல் கட்டி, அதைப் புடிக்கற பெட்டி) தனியா பண்ணிக்கங்க. நான் தேக்குதான் சொல்லுவேன், 3டி பிரிண்ட்டும் ஆகும், ஆனா அந்த லேயர் கோடு தெரியாத அளவுக்கு பட்டி பாத்து தேச்சு பெயிண்ட் அடிக்கணும், இல்லைன்னா பேட்டர்னைத் தூக்கும்போது மணலும் கூடவே பிச்சுக்கிட்டு வரும்.

மணலுக்கு சிலிக்கா மணல்ல சோடியம் சிலிகேட் 4, 5 சதவீதம் கலந்து கார்பன் டை ஆக்சைடு காட்டுற முறைதான் புதுசா பண்றவங்களுக்கு சுலபம், கோருக்கும் அதே மணல். கட்டடத்துக்கு வாங்குன எம் சேண்ட் ஆகாது. பேரிங் வர்ற பாஸ் தடிமனான எடம், அதுதான் கடைசியா உறையும், அதனால ரைசர் (உறையும்போது சுருங்கற எடத்துக்கு உலோகம் குடுக்கற குழி) அதுக்கு நேர் மேல இருக்கணும், மாத்தி வெச்சா போரிங் பண்ணும்போது உள்ள பொந்து தெரியும்.

உருக்கறதுக்கு ஒடைஞ்ச அலாய் வீல் வாங்குங்க, கோயமுத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடைங்கள்ல கிடைக்கும். ஜன்னல் சட்டம் வேண்டாம், அது அச்சுல ஒழுங்கா ஓடாது. சுத்த அலுமினியம் 660 டிகிரில உருகும், வீல் அலாய் அதுக்கு முன்னாடியே உருகிரும், 700க்கும் 740க்கும் நடுவுல ஊத்துங்க, கே டைப் தெர்மோகப்புள் (சூடு அளக்கற கருவி) இல்லாம கண்ணால நிறம் பாத்து ஊத்தாதீங்க. ஈரம் மட்டும் ஆகவே ஆகாதுங்க. ஈரமான ஸ்கிராப்பை உருகுன அலுமினியத்துல போட்டா தண்ணி ஒரே நொடில ஆவியாகி உலோகம் தூக்கியடிக்கும். சிமெண்ட் தரை மேல ஊத்தாதீங்க, காஞ்ச மணல் பரப்பி அது மேல வெச்சு ஊத்துங்க. முகத்துக்கு ஷீல்டு, தோல் ஷூ, பருத்தித் துணி. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப வெளிய வெச்சு பண்ணாதீங்க, அச்சுக்குள்ள புழுதி போயிரும்.

வார்ப்பிரும்புலதான் வேணும்னா பேட்டர்ன் மட்டும் நீங்க பண்ணி அரசூர், கணபதி பக்கம் பவுண்டரில குடுத்துருங்க, அதுக்கு சுருக்கம் 1 சதவீதம் போதும், அந்த சூடு வீட்டு உலைக்கு வேண்டாம்.

இப்ப என் மண்டையை ரொம்ப நாள் குடைஞ்ச எடம். ரெண்டு பாதியையும் தனித்தனியா போர் பண்ணி அப்பறம் சேத்தா கிராங்க் கையில சுத்துனா ஒரு எடத்துல புடிக்கும், எவ்வளவு நல்ல லேத்தா இருந்தாலும் சரி. மொத சேர்ற முகம் ரெண்டையும் ஃபேஸ் பண்ணி பிரஷ்யன் ப்ளூ (முகம் முழுசா ஒட்டுதான்னு காட்டுற நீல மை) வெச்சுப் பாருங்க. அப்பறம் ரெண்டையும் சேத்து கிளாம்ப் பண்ணி ஒண்ணா டிரில் போட்டு 8 மில்லி ரீமர் ஓட்டி ரெண்டு டோவல் பின் (ரெண்டு பாதியும் நகராம புடிக்கற முளை) அடிங்க. எம்6 போல்ட்டெல்லாம் போட்டு 10 நியூட்டன் மீட்டருக்கு டைட் பண்ணுங்க. அதுக்கப்பறம்தான் ஃபேஸ் பிளேட்ல கட்டி, ஒரே செட்டிங்ல, கழட்டாம, ரெண்டு சீட்டையும் ஒரே பார்ல போர் பண்ணணும். பேரிங் நிக்கறதுக்கு உள்ள படி வெச்சா பார் போகாது, அதனால நேர் ஓட்டையா போட்டு வெளிய கேப் பிளேட் வெச்சு திருகிருங்க, எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. வீட்டு லேத்துல அவ்வளவு நீளம் போர் பண்ண முடியலைன்னா ஆவாரம்பாளையத்துல பெரிய லேத் பட்டறைங்க இருக்கு, டோவல் வரைக்கும் நீங்க முடிச்சுட்டு போங்க.

அளவும் சொல்லீறேன். என்னோடது 6304 பேரிங், வெளி விட்டம் 52. இரும்பை விட அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், கேஸ் 70 டிகிரி சூடேறுனா 52 மில்லி சீட்டு பேரிங்கை விட 0.04 எச்சா விரிஞ்சுரும். சரியா 52க்கு போர் பண்ணா இஞ்சின் சூடானதும் பேரிங் சீட்டுக்குள்ள சுத்த ஆரம்பிச்சுரும். அதனால 51.96க்கும் 51.99க்கும் நடுவுல, முடிஞ்ச வரைக்கும் 51.96 பக்கமா விடுங்க, பேரிங் சி3 (உள் இடைவெளி எச்சா இருக்கற ரகம்) வாங்குங்க, இறுக்கத்துல அந்த இடைவெளி கொறையும். சுத்தியல் வேண்டாம், கேஸை 130 டிகிரிக்கு அவன்ல சூடு பண்ணி பேரிங்கை ஃப்ரீஸர்ல வெச்சு எடுத்தா தானா உள்ள விழுந்துரும்.

பேரல் உக்கார்ற முகத்தைக் கடைசியா பண்ணுங்க. ரெண்டு சீட்லயும் போற மாதிரி ஒரு மாண்ட்ரல் (நேர் பாக்கற தண்டு) கடைஞ்சு, அதை வி பிளாக் மேல வெச்சு, டயல் கேஜ் ஓட்டி 0.01 மில்லிக்குள்ள வந்ததும் அந்த முகத்தை மில்லிங் பண்ணணும், இல்லைன்னா பிஸ்டன் ஒரு பக்கமா தேயும்.

சேத்தது: பல்லடத்துல இருந்து ஒருத்தர், போர் பண்ணப்ப சரியா இருந்துச்சு, ஒரு மாசம் கழிச்சு அளந்தா ஓவலா இருக்குன்னு கேட்டிருந்தாரு. ஊத்துனதும் உள்ள தங்குன ஸ்ட்ரெஸ் வெளிய வர்றதுதாங்க அது. ரஃப் மெஷினிங் முடிச்சுட்டு 1 மில்லி மிச்சம் விட்டு, 170 டிகிரில 8 மணி நேரம் வெச்சு எடுத்து ஆறவிட்டு அப்பறம் ஃபினிஷ் பண்ணுங்க. அப்பறம் பேப்பர் கேஸ்கெட் போடலாமான்னு கேட்டவங்களுக்கு: வேண்டாம், சிலிகான் பேஸ்ட் மெல்லிசா தடவுங்க, பேப்பர் போட்டா அந்தத் தடிமன் கிராங்கோட பக்கவாட்டு ஆட்டத்துல போய் சேரும்.