ஆட்குறைப்பில் வேலை போனால்: கடைசி வாரத்தில் செய்யக் கூடாதவை

மதுரை சொக்கிகுளம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அலுவலகத்துக்குப் போகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. படிவம் நிரப்ப உட்காருகிறவர்கள் வேலை போன கதையையும் சொல்லிவிடுவார்கள். கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து வருவார்கள், இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவிலிருந்தும் வருவார்கள். எல்லாம் இளவயதுப் பிள்ளைகள். எனக்கு வேலை போன நாளில் சொல்ல ஆளில்லாமல் போன அதே விஷயங்களில்தான் இவர்களும் ஏமாறுகிறார்கள். மேனேஜரிடம் சண்டை போடாதே, கம்பெனிப் பொருளைத் தூக்கிக்கொண்டு வராதே என்பதெல்லாம் தெரிந்த கதை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீட்டிய ராஜினாமாவில் அங்கேயே கையெழுத்துப் போடுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் வருவது இதற்குத்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் அறைக்குக் கூப்பிடுவார்கள். "ஆர்டர் இல்லப்பா, ஆளைக் குறைக்கச் சொல்லிட்டாங்க. நீயா எழுதிக் குடுத்துட்டா உனக்குத்தான் நல்லது." கடிதத்தை முன்பே அடித்து வைத்திருப்பார்கள். 'எனது சொந்தக் காரணங்களுக்காக' என்று அதில் ஒரு வரி இருக்கும்.

ரப்பர் மோல்டிங் பிரஸ்ஸில் ஒன்பது வருடம் நின்ற ஒரு தம்பி அப்படித்தான் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். அவரைப் போன்ற தொழிலாளியை நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். அதுபோக, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்தக் கணக்குதான் 2020ஆம் வருடத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு ஒன்பது வருடத்துக்கு சுமார் 1,08,000, நோட்டீஸுக்கு 24,000. தானாக ராஜினாமா செய்தவருக்கு இந்த இரண்டும் கிடையாது. மிரட்டி வாங்கினார்கள் என்று அப்புறம் வழக்குப் போடலாம்தான். ஆனால் அதை நிரூபிக்கிற பாரம் அவர் தலையில்.

இதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. "கையெழுத்துப் போட்டா கிராஜுவிட்டி, லீவு சம்பளம், பி.எஃப். எல்லாம் கிளியர் பண்ணிடுறோம்" என்பார்கள். ஐந்து வருடம் முடித்தவருக்கு கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை ராஜினாமா செய்தாலும் உண்டு, நீக்கினாலும் உண்டு. பி.எஃப். எப்படியும் அவர் பணம். அவருடையதையே அவருக்குச் சலுகைபோலக் காட்டி, வர வேண்டிய இழப்பீட்டை மறைக்கிறார்கள்.

பணத்தோடு போனால்கூட நான் இவ்வளவு எழுத மாட்டேன். அடுத்த இன்டர்வியூவில், "ஒன்பது வருஷம் இருந்துட்டு ஏன் விட்டீங்க?" என்று கேட்டார்களாம். தம்பிக்குப் பதில் வரவில்லை. நீக்கினார்கள் என்று சொன்னால் கடிதம் வேறு சொல்கிறது. மாமனார் வீட்டில், "கைக்கு வந்த வேலையை விட்டுட்டு வந்துட்டாரு" என்று பேச்சு. "கப்பலூர் டோல்கேட் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கிறேன்ணே" என்று என்னிடம் சொன்னார். ஆர்டர் இல்லாததால் வேலை போயிற்று, அதில் என் தப்பு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து அந்தக் காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டார்கள்.

அறைக்குள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "வீட்ல காட்டிட்டு நாளைக்குச் சொல்றேன் சார்." அதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கடிதத்தின் நகல் கேளுங்கள். அன்று மாலையே உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, யார், எத்தனை மணிக்கு, என்ன காரணம் சொல்லி ராஜினாமா கேட்டார்கள் என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதிவிடுங்கள். கம்பெனி மின்னஞ்சல் எந்த நேரமும் முடங்கலாம். இழப்பீட்டைவிடக் கூடுதலாகப் பணம் எழுத்தில் தருகிறார்கள், நீங்களும் கணக்குப் போட்டுப் பார்த்துச் சம்மதிக்கிறீர்கள் என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். ஐ.டி. வேலைக்குச் சட்டமே பொருந்தாது என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். உண்மையில் நீங்கள் பார்க்கும் வேலை என்ன என்பதுதான் கணக்கு, விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயர் இல்லை.

வீட்டில் மறைப்பது

வேண்டாம். அன்று இரவே சொல்லிவிடுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவது

அவமானமாக இருக்கும், புரிகிறது. ஆனாலும் பில்லிங் பிரிவில் இருந்த ஒரு அக்கா செய்ததைச் சொல்கிறேன். கிடைத்த இரண்டு நாளில் ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதினார். எந்தப் பார்ட்டிக்கு எத்தனை நகல் வேண்டும், வண்டி நம்பர் இல்லையென்றால் பில்லைத் திருப்பி அனுப்புகிற திண்டுக்கல் கடைக்காரர் யார், மாதக் கடைசியில் எந்தக் கணக்கு எப்போதும் இடிக்கும் என்பது வரை. அதை அந்த இடத்துக்கு வரப்போகிற பிள்ளையிடம் கொடுத்தார். அப்புறம் மேசை மேசையாகப் போய், செக்யூரிட்டி வரைக்கும் சொல்லிக்கொண்டு, சொந்த எண்களைக் குறித்துக்கொண்டு கிளம்பினார். "கம்பெனிக்காக எழுதலைங்க, அந்தப் பிள்ளை திணறக் கூடாதுன்னு எழுதினேன்" என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

பி.எஃப். பணத்தை முதல் வாரமே எடுக்கப் பார்ப்பது

அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்து வருடம் ஆகுமுன் எடுத்தால் வரியும் வரலாம்.

மருத்துவக் காப்பீட்டை மறப்பது

குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், தனிப் பாலிசியாக மாற்ற வழி உண்டா என்று அதற்கு முன்பே கேளுங்கள்.

வெளியேறிய தேதியைப் பார்க்காமல் விடுவது

பி.எஃப். கணக்கில் நீங்கள் வெளியேறிய தேதியை நிறுவனம் பதிய வேண்டும். பலர் பதிவதில்லை. கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதாரோடு இணைந்த செல்போன் இருந்தால் நீங்களே இணையத்தில் பதிந்துவிடலாம். தப்பான தேதி ஏறிவிட்டால் அதைத் திருத்தச் சிலருக்கு நிறுவனத்தின் தயவு வேண்டியிருக்கலாம். அதனால் விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு மூன்றையும் உள்ளே இருக்கும்போதே கையில் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், உங்களைத் தெரிந்த ஆளே அங்கே இல்லாமல் போயிருக்கலாம்.