காலர் மைக்கும் ரெக்கார்டரும்: ஹெட்போனில் கேட்டுச் சரிபார்ப்பது எப்படி

ஒரு குறும்படத்துக்கு, ரெக்கார்டரில் ஒலியின் அளவைக் காட்டும் மீட்டர் ஆடுகிறதே என்று நம்பி அரை நாள் பதிவு செய்தேன். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. எடிட்டில் கேட்டால் வசனத்தின் மேல் முழுக்கச் சட்டை உரசல். மீட்டருக்குக் குரலும் உரசலும் ஒன்றுதான். அன்றிலிருந்து ஹெட்போனைக் காதில் மாட்டாமல் ரெக்கார்ட் பட்டனைத் தொடுவதில்லை.

முதலில் மைக்கின் இடம். மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நடு நெஞ்சில் வையுங்கள். தொண்டைக் குழிக்கு ஏற்றினால் மோவாய் மறைத்துக் குரல் மந்தமாகிவிடும். சட்டைக்குள் ஒளிக்க வேண்டுமா? டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரும்படி முக்கோணமாக மடியுங்கள். இப்படி இரண்டு செய்து, நடுவில் மைக்கை வைத்து அழுத்துங்கள். மைக்கின் தலை மட்டும் டேப்புக்கு வெளியே தெரியட்டும். ஒரு பக்கம் தோலில், மறுபக்கம் துணியில் ஒட்டும். துணி மைக்கோடு சேர்ந்தே அசைவதால் உரசாது. அதற்குக் கீழே வயரைச் சிறு வளையமாக விட்டு டேப் போடுங்கள். நடிகர் குனிந்தால் வளையம்தான் இழுபடும், மைக் இழுபடாது. நடிகரின் அனுமதி கேட்டுவிட்டுக் கை வையுங்கள். இது என் கண்டிப்பான விதி.

அப்புறம் லெவல், அதாவது ஒலியைப் பதியும் அளவு. ஒத்திகையில் எல்லோரும் பாதிக் குரலில்தான் பேசுவார்கள். காட்சியில் கத்தப்போகிற அளவுக்கே ஒருமுறை கத்தச் சொல்லி, டிரான்ஸ்மிட்டரின் (மைக் வயர் சேரும், நடிகர் இடுப்பில் மாட்டும் வயர்லெஸ் பெட்டி) கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, அதற்கு வையுங்கள். பிறகு ரெக்கார்டரில், உரத்த இடம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். ரெக்கார்டரின் பதிவுத் தர அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும். எவ்வளவு உரத்த ஒலியையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம்: டிரான்ஸ்மிட்டரிலேயே உடைந்த குரலை அதனால் ஒட்டவைக்க முடியாது. டிரான்ஸ்மிட்டரின் அலையை வாங்கி ரெக்கார்டருக்குத் தரும் ரிசீவர் லைன் லெவலில் (வலுவான சிக்னல்) அனுப்ப, ரெக்கார்டர் மைக் லெவலில் (மெல்லிய சிக்னலுக்கானது) வாங்கினாலும் குரல் கரகரக்கும். இரண்டு மெனுவையும் பாருங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் என்றால் மனித உடலே சுவர். டிரான்ஸ்மிட்டர் இடுப்பின் எந்தப் பக்கம் இருக்கிறதோ, ரிசீவரும் அந்தப் பக்கம் இருக்கட்டும். வைஃபையும் அதே அலைவரிசையில் ஓடக்கூடும் என்பதால் சுற்றியுள்ள போன்களில் அதை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

பேட்டரியை உணவு இடைவேளையில் மாற்றிவிடுங்கள், பாதி மிச்சம் இருந்தாலும் சரி.

கடைசி டேக் முடிந்ததும் விளக்கை அணைக்க விடாதீர்கள். எல்லோரையும் நின்ற இடத்தில் நிற்கவைத்து, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு இடையிலான வெட்டுகளில் எடிட்டர் நிரப்பப்போவது அதைத்தான்.