தேங்காய் சுடலாம் வாங்க: தலை ஆடிக்கு ஒரு சேலத்து இனிப்பு

சென்னையில் வேலை பார்த்தபோது, "ஊருக்குப் போய்த் தேங்காய் சுடணும், ஒரு நாள் லீவு வேணும்" என்று கேட்டேன். "யார் தோப்புல?" என்று திருப்பிக் கேட்டார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்தைத் தாண்டிவிட்டால் இந்தப் பண்டிகையை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலை ஆடி என்பது ஆடி முதல் நாள், பெரும்பாலும் ஜூலை 17. சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் வாசலுக்கு வாசல் நெருப்பு மூட்டி, குச்சியில் செருகிய தேங்காயைச் சுடுவார்கள். உள்ளே வெல்லம், அவல், பருப்பு, எள். பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது, அதற்கு முன் பிள்ளையாருக்குப் படைத்தது இது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். மைசூர்பாகும் ஜாங்கிரியும் எந்தத் தெருமுனையிலும் கிலோ கணக்கில் வாங்கிவிடலாம். இதை நாமே சுட்டால்தான் உண்டு.

ஒரு தேங்காய்க்கு வேண்டியவை

நன்றாக முற்றிய நடுத்தரத் தேங்காய் 1, அவல் 2 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை 1 மேசைக்கரண்டி, வறுத்த பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் 3 மேசைக்கரண்டி, எள் 1 தேக்கரண்டி, ஏலக்காய் 1, கொஞ்சம் மஞ்சள்தூள். சில வீடுகளில் ஊறவைத்த பச்சரிசியும் சேர்ப்பார்கள். முதல் முறைக்கு வேண்டாம், அரிசி வேகாமல் பல்லில் நறநறக்கும்.

வெல்லம் ஓமலூர்ப் பக்கத்து ஆலைகளில் காய்ச்சி வருவது. பளபளவென்ற மஞ்சளைப் பார்த்து மயங்காதீர்கள், வெளுக்க மருந்து போட்டிருக்கலாம். கொஞ்சம் கறுத்த வெல்லமே வாங்குங்கள்.

1. தேங்காயைத் தேய்ப்பது

குலுக்கிப் பாருங்கள், தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். விரிசல் இருந்தால் சமையலுக்கு எடுத்துவையுங்கள். குடுமி உட்பட நாரையெல்லாம் பிய்த்துவிட்டு, சொரசொரப்பான சிமெண்ட் தரையிலோ கல்லிலோ ஓடு வழவழப்பாகும் வரை தேய்க்க வேண்டும். நார் மிச்சமிருந்தால் குப்பென்று பற்றிக்கொண்டு ஒரே புகையாகிவிடும். கை வலிக்கும் வேலை. அதனால்தான் காலங்காலமாக இதைப் பிள்ளைகளிடம் தள்ளிவிடுகிறோம்.

2. கண்ணைத் திறப்பது

மூன்று கண்களில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும். கத்தி முனையால் ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள், இளகியது தானாகத் தெரிந்துவிடும். அதை மட்டும் சுண்டுவிரல் பருமனுக்குத் துளைத்து, தண்ணீரை டம்ளரில் பிடித்துவையுங்கள். கொட்டிவிட வேண்டாம், திரும்ப வேண்டும்.

3. நிரப்புவது

எல்லாவற்றையும் கலந்துகொண்டு, காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அடைத்துக்கொண்டால் ஈர்க்குச்சியால் தள்ளிவிடலாம். முக்கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் பிடித்துவைத்த தண்ணீரில் பாதியை ஊற்றுங்கள். அவலும் பருப்பும் ஊறி வேக அந்தத் தண்ணீர்தான் வேண்டும்.

முதல் வருஷம் நான் ஆசையில் கழுத்துவரை திணித்தேன். நெருப்பில் வைத்த பத்தாவது நிமிஷம் உள்ளே எல்லாம் உப்பி, குச்சியையே வெளியே தள்ளிவிட்டது. வெல்லப்பாகு முழுதும் சாம்பலில். அம்மாயி (அம்மாவின் அம்மா) திண்ணையில் உட்கார்ந்தபடியே, "அதுக்கும் மூச்சு விட எடம் வேணும்ல கண்ணு" என்றார்.

4. குச்சி

அழிஞ்சில் மரத்துக் குச்சிதான் வழக்கம். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே சின்னக்கடை வீதிப் பக்கம் கட்டுக்கட்டாக வந்துவிடும். சுமார் மூன்றடி நீளம், தோல் சீவி மஞ்சள் பூசியது. பச்சைக் குச்சி என்பதால் சட்டென்று தீப்பிடிக்காது. நுனியைக் கூராக்கிக் கண்ணில் செருகுங்கள். தலைகீழாகப் பிடித்தாலும் தேங்காய் விழக் கூடாது. அதே சமயம் ஆவி கசிய வழி இருக்க வேண்டும், களிமண் கிளிமண் வைத்துப் பூசி அடைத்துவிடாதீர்கள். தேங்காய்க்கும் மஞ்சள் பூசிக்கொள்ளுங்கள்.

5. சுடுவது

சுள்ளி, காய்ந்த தென்னமட்டை போதும். கொழுந்து விட்டு எரியும்போது வைக்காதீர்கள், ஓடு கருகி உள்ளே பச்சையாக இருக்கும். தீ கொஞ்சம் அடங்கியதும் குச்சியைப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருங்கள். முதலில் மஞ்சள் கருகும். அப்புறம் உள்ளே 'உஸ்ஸ்' என்று தண்ணீர் கொதிக்கும் சத்தம். குச்சி ஓரத்தில் நுரை தள்ளும், அது ஓட்டில் வழிந்து சுருசுருவென்று காயும். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் ஓடு கரியாகி 'டப்'பென்று ஒரு கோடு விடும். வெல்லமும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த வாசம் வந்தால் எடுத்துவிடலாம். ஓடு வெடிக்கும்போது சில்லு தெறிக்கும், சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் மொட்டை மாடியில் பழைய இரும்புச் சட்டியில் தீ மூட்டிக்கொள்ளலாம். கேஸ் அடுப்பிலும் சுடுகிறார்கள். நானும் ஒரு வருஷம் செய்தேன். வெந்தது, ஆனால் புகை வாசம் இல்லை. கரித்தூள் விழுந்த பர்னரைத் துடைக்க ஒரு மணி நேரம் ஆனது.

6. உடைப்பது

பத்து நிமிஷம் ஆறவிட்டு, குச்சியை உருவி, ஓட்டைக் கல்லால் லேசாகத் தட்டுங்கள். சரியாக வெந்திருந்தால் ஓடு கழன்று தேங்காய்ப் பருப்பு முழுசாக உருண்டு வரும். பிள்ளையாருக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு உடையுங்கள். ஓட்டை ஒட்டிய பக்கம் புகைந்து மொறுமொறுவென்றும், உள்பக்கம் வெல்லம் ஊறி மெத்தென்றும் இருக்கும். நடுவில் இருப்பது கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி, ஆனால் கொஞ்சம் கரிவாசத்தோடு.

மறுநாளைக்கு வைக்காதீர்கள், ஈரம் இருப்பதால் காலைக்குள் புளித்துவிடும். அன்று ராத்திரியே பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள். அவர்கள் வீட்டில் எள் கூடுதலாகப் போட்டிருப்பார்கள், தட்டு காலியாகத் திரும்பி வராது.