ஜிங்தேஜென்: பீங்கான் ஊரைப் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில், சாங் ஆற்றங்கரையில் இருக்கிறது ஜிங்தேஜென். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பீங்கான்தான் அந்த ஊருக்குச் சோறு போடுகிறது. சோங் வம்சத்துப் பேரரசர் ஜென்சோங் தன் ஆட்சியின் ஒரு பகுதிக்குச் சூட்டிய பெயர் ஜிங்தே. 1004இல் அந்தப் பெயரே ஊருக்கும் வந்தது. அங்கே போக நினைப்பவர்களும் அங்கிருந்து வந்த பொருளை வாங்க நினைப்பவர்களும் ஒரே மாதிரியான தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். அரண்மனைக்குக் கலைப்பொருள் செய்த ஊர் என்று மட்டுமே அதைப் பார்க்கிறோம். ஜிங்தேஜென் நெடுங்காலமாகவே ஒரு தொழிற்சாலை ஊர்.

ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் “இதைச் செய்த கைவினைஞர் யார்?” என்று கேட்கத் தோன்றும். அந்த ஊரின் பொருளுக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் பொருந்தாது. ஒரு கிண்ணம் 72 கைகள் மாறிய பிறகே முழுமை பெறுகிறது என்று 1637இல் வெளிவந்த தன் தொழில்நுட்ப நூலில் சோங் யிங்சிங் எழுதினார். அந்த ஊரின் பீங்கான் தொழிலைப் பற்றி 1712இல் கடிதம் எழுதிய பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் தாந்த்ரகோல், வண்ணம் தீட்டும் கூடத்தை விவரித்திருக்கிறார். விளிம்பில் வண்ண வளையம் போடுபவருக்கு அது மட்டுமே வேலை. பூவின் கோட்டுருவத்தை ஒருவர் வரைவார், அதற்குள் வண்ணம் நிரப்புபவர் இன்னொருவர். மலையும் நீரும் வரைபவர்கள் தனி, பறவையும் விலங்கும் வரைபவர்கள் தனி. ஐரோப்பாவில் பெரிய ஆலைகள் எழுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வேலைப் பிரிவினை அங்கே இவ்வளவு தூரம் போயிருந்தது.

மண்ணும் அப்படித்தான் கை மாறியது. பீங்கான்கல்லை ஆற்றுநீரின் வேகத்தில் இயங்கும் உலக்கைகள் இடிக்கும். பொடியைக் கரைத்து, வடித்து, வெள்ளைக் கட்டிகளாக அச்சிடுவார்கள். அதோடு கயோலின் களிமண் சேரும். உலகம் முழுக்க அந்த மண்ணுக்கு வழங்கும் பெயர் ஊருக்கு வடகிழக்கே உள்ள காவ்லிங் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. சக்கரத்தில் வனைபவர் பாத்திரத்தைத் தடிமனாகவே வனைந்து கொடுத்துவிடுவார். அது காய்ந்த பிறகு உள்ளும் புறமும் சீவி மெலிதாக்குபவர் வேறொருவர். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய சுவர் இருக்கிறதே, அது அந்தச் சீவுபவரின் திறமை. ஒரு நொடி கை தவறினாலும் பாத்திரம் ஓட்டையாகிவிடும். வெள்ளைப் பரப்பில் நீலச் சித்திரம் கொண்ட நீலம்-வெள்ளைப் பாத்திரங்களில், நீலம் தரும் கோபால்ட் வண்ணத்தைச் சுடாத மண்ணின் மேலேயே தீட்டுவார்கள். மண் வண்ணத்தை உடனே உறிஞ்சிக்கொள்வதால் அழித்துத் திருத்த வழியில்லை. மேலே, சுட்டதும் கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு பூசி, மண் உறைகளுக்குள் வைத்துச் சூளையில் அடுக்கினால் சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் எல்லாம் ஒன்றாக இறுகும்.

இன்றும் அங்கே பட்டறை வைத்திருக்கும் கலைஞர்கள் பலர் வனைவதற்கு ஒருவரிடமும் சீவுவதற்கு இன்னொருவரிடமும் சுடுவதற்குப் பொதுச் சூளைக்கும் போகிறார்கள். அதைக் கேட்டதும் “அப்படியானால் இது அவர் கையால் செய்தது இல்லையா?” என்று முகம் சுளிப்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெயர் தெரியாமல் உழைத்தவர்களின் கூட்டுத் திறமைதான் அந்த ஊரின் பெருமை. ஒற்றைக் கையொப்பத்தைத் தேடினால் அவர்கள் அத்தனை பேரும் நம் கண்ணில் படாமலே போய்விடுவார்கள்.

பணத்தை இழக்க வைக்கும் தவறு, பாத்திரத்தின் அடியில் உள்ள முத்திரையை நம்பி வயதைக் கணக்கிடுவது. “பெருமைமிகு மிங் வம்சத்து சுவாந்தே ஆண்டுகளில் செய்தது” என்று ஆறு எழுத்துகளில் எழுதியிருக்கும். சுவாந்தே பேரரசர் ஆண்டது 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். ஆனால், அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய சிங் வம்சத்து காங்சி காலக் குயவர்கள், முன்னோரின் வேலைப்பாட்டுக்கு மரியாதையாக அதே முத்திரையைத் தங்கள் பாத்திரங்களில் எழுதினார்கள். இன்னொரு மிங் பேரரசரான செங்ஹுவாவின் முத்திரையும் அப்படியே பலமுறை மறுபடி எழுதப்பட்டது. ஆகவே, பழைய பாத்திரத்தில்கூட முத்திரையும் வயதும் ஒத்துப்போக வேண்டியதில்லை. இன்று செய்யப்படும் பொருளில் கேட்கவே வேண்டாம். செங்ஹுவா காலத்துக் கோழிச் சித்திரக் கிண்ணம் ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் விலைபோனது. அதே சித்திரமும் அதே முத்திரையும் கொண்ட நகல்கள் கடைத்தெருவில் தேநீர்க் கிண்ணங்களாக விற்கின்றன. நகல் என்று தெரிந்து, நகலுக்கான விலை கொடுத்து வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை.

பளபளப்பு மங்கியிருப்பதையும் பழமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமிலத்தில் தோய்த்தால் புதுப் பாத்திரமும் மங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. 1911க்கு முந்தைய தொல்பொருள்களைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுபோகச் சட்டம் தடை விதிக்கிறது. “அசல் மிங் காலத்தது, ஊருக்கு எடுத்துப் போகலாம்” என்று ஒருவர் சொன்னால், ஒன்று பொருள் போலி, இல்லையென்றால் அதை எடுத்துப்போவது குற்றம்.

பேரரசர்கள் போனதோடு ஊரின் கதையும் முடிந்தது என்று நினைப்பதுதான் என்னை அதிகம் உறுத்தும் தவறு. 1850களில் சிங் ஆட்சிக்கு எதிராக எழுந்த தைப்பிங் கிளர்ச்சியில் சூளைகள் அழிந்தன, மறுபடி கட்டினார்கள். 1950களில் சிறு பட்டறைகளை ஒன்றிணைத்துப் பெரிய அரசு ஆலைகள் எழுந்தன. விறகுச் சூளைகள் போய் நிலக்கரி வந்தது, புகைபோக்கிகள் ஊரை நிறைத்தன. 1990களில் அந்த ஆலைகள் நலிந்து, ஒவ்வொன்றாகச் செயலிழந்தபோது பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். கைத்தொழில் தெரிந்த பலர் வீட்டிலும் சந்துகளிலும் சிறு பட்டறை போட்டுப் பிழைத்தார்கள். இன்று நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய முடிகிறதென்றால், அந்தத் தொழிலாளர்கள் ஊரில் விட்டுவைத்த திறமையும் அதற்கு ஒரு காரணம். பழைய யூஜோ ஆலை வளாகம் இப்போது தாவ்சிச்சுவான் என்ற பெயரில் அருங்காட்சியகமும் கடைகளுமாக இருக்கிறது. அங்கே போகிறவர்கள் காபி குடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், உள்ளே பாதுகாத்து வைத்திருக்கும் பழைய சூளைகளையும் பார்க்க வேண்டும். அரண்மனைக்குப் பாத்திரம் செய்த சூளைகளைக் காட்டும் அரசச் சூளை அருங்காட்சியகத்துக்குத் தரும் நேரத்தை இதற்கும் தர வேண்டும்.

நீலம்-வெள்ளையைக் கலப்பில்லாத சீனக் கலை என்று சொல்வதும் சரியல்ல. 14ஆம் நூற்றாண்டில் அந்த நீலத்துக்கான கோபால்ட் மேற்காசியாவிலிருந்து வந்தது. அகன்ற பெரிய தட்டுகள் பல மேற்காசியச் சந்தையை மனத்தில் வைத்தே செய்யப்பட்டன.

அதேபோல, சீனப் பீங்கான் எல்லாமே ஜிங்தேஜெனில் செய்தது ஆகிவிடாது. பச்சை மெருகுக்கு லாங்சுவான், பால்வெள்ளைச் சிலைகளுக்கு தேஹுவா என்று ஊர்கள் வேறு. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்து அகழாய்வில் கிடைத்த சீன ஓடுகளில் லாங்சுவான் பச்சையும் உண்டு.

பீங்கான் என்றாலே எலும்புத்தூள் கலந்தது என்று ஒதுக்கும் சைவ உணவுக்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எலும்புச் சாம்பல் சேர்ப்பது இங்கிலாந்தில் உருவான ‘போன் சைனா’ முறை. ஜிங்தேஜெனின் மரபான பீங்கானில் கல்லும் களிமண்ணும்தான்.

சாப்பிடப் பயன்படுத்த வாங்குவதாக இருந்தால் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சித்திரம் மெருகுக்கு அடியில் இருந்தால் வழவழப்பாக இருக்கும். மேலே தீட்டிய வண்ணம் பெரும்பாலும் சற்று மேடாகத் தட்டுப்படும். மலிவான மேல்வண்ணங்களில் ஈயமோ காட்மியமோ இருக்கலாம் என்பதால், புளிப்பான உணவை வைக்க அடிமெருகுச் சித்திரமே நல்லது. கையால் வரைந்தது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அச்சுத்தாளிலிருந்து ஒட்டிய படமானால் பல நேரம் சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரியும். தூரிகையில் வரைந்ததானால் கோபால்ட் தேங்கிய இடம் கருத்தும் ஓடிய இடம் வெளுத்தும் இருக்கும்.